பீரோ கதவில் ஒட்ட ஒரு தாள் (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, "எதில் போடுவது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் முதலீட்டுக்கு விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை பாதிக்கு மேல் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: எனக்கு 38 வயது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒன்பது மியூச்சுவல் பண்டு, பி.பி.எஃப்., கொஞ்சம் பங்குகள் இருக்கின்றன. எல்லாமே போனில் ஒரே ஆப்பில் தெரிகிறது. அதற்கு மேல் தாள் எதற்கு? அதில் என்னதான் எழுதுவது?
– வாசகர், ஓசூர்

உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஆப் காட்டும், சரி. ஏன் வாங்கினீர்கள், எந்த வருடம் வரை வைத்திருக்கப் போகிறீர்கள், எது நடந்தால் விற்பீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். அந்த ஒன்பது பண்டின் பெயரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை வாங்கின காரணத்தை எழுதுங்கள். நாலைந்துக்காவது "கூட வேலை பார்க்கிறவர் சொன்னார்", "அந்த வருடம் நல்ல லாபம் காட்டியது" என்றுதான் வரும். அப்புறம் அதில் எத்தனை லார்ஜ் கேப் பண்டு என்று பாருங்கள். பங்குச் சந்தையையும் பண்டுகளையும் கண்காணிக்கும் செபியின் விதிப்படி லார்ஜ் கேப் பண்டு தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை நாட்டின் முதல் 100 பெரிய நிறுவனங்களில்தான் போட்டாக வேண்டும். அப்படி மூன்று வைத்திருந்தால் பெரும்பாலும் ஒரே பங்குகளை மூன்று பெயரில் வைத்திருக்கிறீர்கள், மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டிக்கொண்டு.

தாள் எதற்கு என்பதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் அந்த ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்து 25,981-இல் முடிந்தது. ஜனவரியில் 42,000-க்கு மேல் இருந்தது. ஊரடங்கு வரப்போகிறது என்கிற பேச்சு, தெருவில் சத்தமே இல்லை, என் கணவர் போனை வைத்துக்கொண்டு "பாதியாவது எடுத்துவிடலாம்" என்கிறார். எனக்கும் அதேதான் தோன்றியது, மறைக்க ஒன்றும் இல்லை. பீரோவைத் திறந்தேன், வேறு எதையோ எடுக்கத்தான். கதவின் உள்பக்கம் 2017-இல் நாங்கள் எழுதி செலோடேப் போட்டு ஒட்டிய நீள நோட்டுத் தாள், ஓரம் மஞ்சளாகிப்போய் இருந்தது. அதில் என் கையெழுத்தில், "சந்தை விழுந்ததற்காக எதையும் விற்பதில்லை. 2030 வரை இந்தப் பணம் தேவைப்படாது" என்று ஒரு வரி. இருவரும் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தோம். விற்கவில்லை. அந்த வருடம் நவம்பரிலேயே சென்செக்ஸ் 43,000-ஐத் தாண்டிவிட்டது. அது தாண்டும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. பயம் இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து யோசித்து எழுதினது கண் முன்னால் இருந்தது, அவ்வளவுதான் எங்களிடம் இருந்த பலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற பி.எஃப். பணத்துக்கு எழுதின விதி இருக்கிறது. அதில் எத்தனை சதவீதம் அரசுப் பத்திரம், எத்தனை சதவீதம் பங்கு என்று அரசு அறிவித்த ஒரு முதலீட்டு முறை உண்டு. 2015 ஆகஸ்டில்தான் முதல் முறையாகப் பங்குச் சந்தை இ.டி.எஃப்.-இல் (ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் பண்டு) போட ஆரம்பித்தார்கள், அதுவும் புதிதாக வருகிற பணத்தில் 5 சதவீதம் மட்டும். பிறகு 10, பிறகு 15 என்று எழுதி எழுதித்தான் ஏற்றினார்கள். அலுவலகத்தில் பிடிக்கிற பணத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது, நீங்களே கையால் போடுகிற பணத்துக்கு ஒரு தாளாவது வேண்டாமா?

என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். உங்கள் வயதில், உங்கள் மாதிரி சம்பளத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு நான் எழுதிப் பார்த்த தாள் இப்படி இருந்தது:

"இந்தப் பணம் இரண்டு காரியத்துக்கு. மகளின் கல்லூரி, 2034 ஜூன். எனக்கு 58 வயதில் வேலை முடிந்த பிறகு எங்கள் இருவரின் செலவு. ஆறு மாத வீட்டுச் செலவு 2,40,000 ரூபாய் வங்கியில் தனியாக இருக்கும், அதைத் தொடுவதில்லை, இந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. மற்றதில் பங்கு சார்ந்தது 60, கடன் சார்ந்தது (எஃப்.டி., பத்திரம் மாதிரி வட்டி தருவது) 40. பி.எஃப்., பி.பி.எஃப். இரண்டும் அந்த 40-இல் சேரும். பங்குக்கு இரண்டே பண்டு. எஸ்.ஐ.பி. (மாதாமாதம் தவறாமல் பண்டில் போடுவது) மாதம் 15,000, சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏறினதில் பாதி இதில் சேரும். வேலை போனால் நிறுத்தலாம், சந்தை விழுந்தால் நிறுத்தக் கூடாது. ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு கணக்குப் பார்ப்பது. 60 என்பது 65-ஐத் தாண்டியிருந்தாலோ 55-க்குக் கீழே இருந்தாலோ மட்டும் சரிசெய்வது. இந்தத் தாளில் எதை மாற்ற நினைத்தாலும் காரணத்தை எழுதி, 30 நாள் கழித்து மாற்றுவது."

கீழே தேதி, இருவர் கையெழுத்து. ஒரு பக்கம்கூட நிறையவில்லை, அது போதும். "மகளின் கல்லூரி" என்றதும் வருடமும் மாதமும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். "நீண்ட காலம்" என்று எழுதினால் அதை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம், 2034 ஜூன் என்று எழுதினால் முடியாது. 2034-க்கு மூன்று வருடம் முன்பிலிருந்தே கல்லூரிப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிலிருந்து எடுத்து எஃப்.டி.க்குக் கொண்டுவர வேண்டும், அந்த வரியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். கல்லூரிக் கட்டணம் கட்டுகிற மாதத்தில் சந்தை கீழே கிடந்தால் காத்திருக்க முடியாது.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சதவீதத்தில் யோசிக்காமல் ரூபாயில் யோசித்து வந்தது. உங்களிடம் 20 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் என்றால் 12 லட்சம் பங்கில். அது பாதியானால் 6 லட்சம் போயிருக்கும், கணக்கில்தான் என்றாலும் போனது போனதாகத்தான் தெரியும். 6 லட்சம் என்பது உங்கள் எத்தனை மாதச் சம்பளம்? அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம், இரண்டு வருடம் சும்மா இருப்பீர்களா? முடியாது என்று தோன்றினால் 50 போடுங்கள், 40 போடுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. 2020 சீக்கிரம் மீண்டதை வைத்து எல்லாம் அப்படியே நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போய் வந்தது, பழைய உச்சத்தை நிலையாகத் தாண்ட 2013 கடைசி வரை ஆனது. அந்த ஐந்தாறு வருடமும் உங்களுக்குத் துணையாக இருக்கக்கூடிய எண்ணைத்தான் தாளில் போட வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. பணம் போடுவது, எடுப்பது எல்லாம் கணவர்தான். சந்தை இறங்கினால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார், மறுநாள் விற்றுவிடுவார். எல்லாம் ஏறின பிறகு மறுபடி வாங்குவார். எழுதி வைக்கலாம் என்று சொன்னேன், "எல்லாம் என் தலையில் இருக்கு" என்கிறார். எப்படி ஆரம்பிப்பது?
– வாசகி, கும்பகோணம்

அவரைக் குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள், அது மட்டும் வேண்டாம். தூங்காமல் கிடக்கிற மனிதர் பொறுப்பில்லாதவர் இல்லை, எல்லாப் பாரத்தையும் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறவர். "என் பங்குக்கு நானும் தெரிந்துகொள்கிறேன், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அப்புறம் நோட்டுடன் உட்காருங்கள். எழுதுகிறவர் நீங்களாக இருப்பது நல்லது. பேனா உங்கள் கையில் இருந்தால் "இது எதற்கு?" என்று கேட்பது இயல்பாக வரும், அவருக்கும் தன்னைக் கேள்வி கேட்கிறார்கள் என்று படாது.

முதல் நாளே சதவீதம், பண்டு என்றெல்லாம் போகாதீர்கள். பையன் படிப்பு எந்த வருடம், வீட்டுக் கடன் எந்த வருடம் முடிகிறது, அவருடைய அப்பா அம்மாவுக்கு மாதம் எவ்வளவு, இதை மட்டும் எழுதுங்கள். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அவருடைய பயத்தில் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் நாளைக்கே தேவைப்படுகிற பணம் எது, பத்து வருடம் கழித்துத் தேவைப்படுகிற பணம் எது என்று பிரித்துப் பார்க்காததால்தான் மொத்தமும் நாளைக்கே போய்விடும் என்று தோன்றுகிறது.

அப்புறம் ஒரே ஒரு விதியை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இதைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்: "10,000 ரூபாய்க்கு மேல் எதை விற்பதாக இருந்தாலும், விற்கிறவர் காரணத்தை மற்றவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும், கேட்டவர் அதை நோட்டில் எழுத வேண்டும்." அனுமதி கேட்பது இல்லை, சொல்வது மட்டும்தான். அந்த வீட்டு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சில் அந்த மனைவியின் எழுத்தில், "பயமா இருக்கு என்கிறார். வேறு காரணம் இல்லை" என்று இருக்கிறது. அதற்குக் கீழே கணவரின் எழுத்தில், "சரி, விற்கவில்லை." வாய்விட்டுச் சொல்லும்போதுதான் தன் காரணம் தன் காதிலேயே விழுகிறது.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு நீங்கள் எழுதியதைப் படித்து 60:40 என்று எழுதி வைத்தேன். மொத்தம் 25 லட்சம், இப்போது பங்கு மட்டும் 18 லட்சம் ஆகிவிட்டது. நன்றாக ஏறிக்கொண்டிருப்பதை எதற்கு விற்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. வரியும் வருமே?
– வாசகர், திருப்பூர்

18 லட்சம் என்றால் 72 சதவீதம். உங்கள் தாள் 60 என்கிறது. மனசு சொல்வதைக் கேட்பதாக இருந்தால் தாள் எழுதியிருக்க வேண்டியதே இல்லையே. ஏறும்போது எழுதினதை மீறிப் பழகினவர் இறங்கும்போதும் மீறுவார், என் அனுபவத்தில் இதற்கு விலக்கு பார்த்ததில்லை.

ஆனால் உடனே போய் 3 லட்சத்தை விற்க வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் மாதம் 20,000 போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வருடத்துக்கு அப்படியே கடன் பக்கம் திருப்பினால் 2,40,000 அங்கே சேரும். பங்கு இன்றைய அளவிலேயே நின்றால்கூட 27.4 லட்சத்தில் 18, அதாவது 66 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ஒரு யூனிட்கூட விற்காமல், ஒரு பைசா வரி இல்லாமல். பாக்கியை விற்றுச் சரிசெய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு பண்டுகளில் ஒரு நிதியாண்டுக்கு மொத்தம் 1,25,000 ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-லிருந்து இதுதான் நடைமுறை. இங்கே பலர் தடுமாறுகிற இடம், அந்த 1,25,000 என்பது லாபம் மட்டும், விற்ற தொகை இல்லை. 2 லட்சத்துக்கு யூனிட் விற்று அதில் லாபம் 70,000 என்றால் வரி இல்லை. மார்ச் கடைசியில் ஒரு பகுதி, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு பகுதி என்று விற்றால் இரண்டு நிதியாண்டின் வரம்பும் கிடைக்கும். ஒரு வருடம் ஆகாத யூனிட்டை மட்டும் தொடாதீர்கள், அதற்கு 20 சதவீதம் வரி, சீக்கிரம் எடுப்பதற்குப் பண்டு பிடிக்கிற எக்ஸிட் லோடும் இருக்கலாம். ஒரே கம்பெனியின் ஒரு பண்டிலிருந்து இன்னொரு பண்டுக்கு "ஸ்விட்ச்" செய்தாலும் அது விற்பனைதான், வரி உண்டு.

இதே விதி எதிர்ப்பக்கம் என்ன செய்யும் என்றும் பாருங்கள். 10 லட்சம், 60:40. பங்கு 38 சதவீதம் விழுகிறது, 2020-இல் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் விழுந்த அளவு. 6 லட்சம் 3,72,000 ஆகிறது, மொத்தம் 7,72,000, பங்கு 48 சதவீதம். தாள் என்ன சொல்லும்? கடன் பக்கத்திலிருந்து சுமார் 91,000 எடுத்துப் பங்கில் போடு என்று சொல்லும். எல்லோரும் ஓடுகிற நாளில் அதைச் செய்ய எழுதின விதி இல்லாமல் யாருக்கும் கை வராது. அந்த நாளுக்கான பழக்கம்தான் இன்று நீங்கள் செய்யப்போகிற இந்த விற்பனை.

கேள்வி: தங்கம் எந்தக் கணக்கில் சேரும்?
– வாசகி, மதுரை

போட்டுக்கொள்கிற நகை எதிலும் சேராது. அதை விற்கப் போவதில்லை, பெண்ணுக்குப் போகும், அதனால் முதலீட்டுத் தாளில் அதற்கு இடம் இல்லை. கோல்டு இ.டி.எஃப்., தங்கப் பத்திரம் இருந்தால் தனியாக ஒரு வரி எழுதுங்கள், என் கருத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை. பழையது கையில் இருந்தால் எட்டாவது வருடம் முதிர்வடைகிற தேதியைத் தாளில் குறித்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு 62, மனைவிக்கு 57. சொந்த வீடு. ஓய்வுப் பணம், விற்ற நிலம் எல்லாம் சேர்த்து 55 லட்சம். பென்ஷன் கிடையாது. மாதம் 30,000 இருந்தால் போதும். எனக்கு எதற்குக் கொள்கை, விதி எல்லாம்? மைத்துனர் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி தரும் ஒரு இடம் சொல்கிறார். அதில் 10 லட்சம் போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

போடக் கூடாது. ஐயா, உங்கள் தாளின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்: "வங்கி, தபால் அலுவலகம், செபியில் பதிவான பண்டு, இந்த மூன்றைத் தவிர வேறு எங்கும் பணம் போடுவதில்லை. யார் சொன்னாலும்." மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அவ்வளவு வட்டி கொடுத்துக் கடன் வாங்குகிறவருக்கு வங்கி ஏன் கடன் கொடுக்கவில்லை என்று மட்டும் யோசியுங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012-இல் பட்ட பாட்டை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கும் முன்னாலேயே, இதே மாதிரி ஏமாந்தவர்களுக்காக 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் பணம் திரும்பி வர வருடக்கணக்கில் ஆகிறது. 62 வயதில் அந்த வருடங்களை நீங்கள் கொடுக்க முடியாது. மைத்துனரிடம் முகம் முறிய வேண்டாம் என்றால் "தாளில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்" என்று காட்டுங்கள். உறவுக்காரரிடம் இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு வராது, அந்த இடத்தில் தாள் நமக்காகப் பேசும். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

உங்கள் கணக்கு இப்படிப் போகலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 2023-இல்தான் 15-லிருந்து ஏற்றினார்கள். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசீலித்தாலும், நீங்கள் போடுகிற நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500, மாதத்துக்கு 20,500 என்று ஆகிறது. தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் வரை போடலாம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. இரண்டும் சேர்ந்து 29,750. இந்த வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் 10 லட்சம். இங்கேதான் விதி வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 30,000 செலவு 12 வருடத்தில் 60,000 ஆகிவிடும், வட்டி மட்டும் அதே 29,750-இல் நிற்கும். உங்கள் மனைவி உங்களைவிட ஐந்து வயது சின்னவர், அவருக்கு 80 வயது ஆகிற வரைக்காவது இந்தப் பணம் வர வேண்டும். அதனால் 4 லட்சத்தை மருத்துவ அவசரத்துக்கு வங்கியில் வைத்துவிட்டு, 6 லட்சத்தை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் பண்டில் (நிஃப்டி குறியீட்டில் உள்ள பெரிய நிறுவனப் பங்குகளை அப்படியே வைத்திருக்கும் பண்டு), ஒரே நாளில் போடாமல் ஒரு வருடத்தில் பிரித்துப் போட்டு, "எட்டு வருடம் தொடுவதில்லை" என்று எழுதுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் 3 லட்சம் போடுங்கள். வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான், 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. "ஒரு வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் வைப்பதில்லை" என்பதும் உங்கள் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும்.

கேள்வி: எழுதி வைத்துவிட்டால் மாற்றவே கூடாதா? போன வருடம் எழுதினதை இப்போது படித்தால் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன் போலிருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

மாற்றலாம். எதனால் மாற்றுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், வீட்டில் ஒரு பெரிய நோய், ஒரு சாவு, கடன் முடிந்தது, இதெல்லாம் உங்கள் வாழ்க்கையில் நடந்தவை, இதற்கு மாற்றத்தான் வேண்டும். டிவியில் ஒருவர் சொன்னார், சந்தை 10 சதவீதம் ஏறியது, பக்கத்து சீட்காரர் சின்ன நிறுவனப் பங்குகளில் (ஸ்மால் கேப்) நிறைய லாபம் பார்த்துவிட்டார், இதற்கெல்லாம் மாற்றுவதில்லை. 30 நாள் காத்திருக்கும் விதி இதற்குத்தான். மாற்ற நினைத்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், 30 நாள் கழித்து அதே காரணம் அதே அளவுக்கு உங்களுக்குச் சரியாகப் பட்டால் செய்யுங்கள். பாதிக்கு மேல் அதற்குள் தானாகவே உதிர்ந்துவிடும்.

நார்வே நாட்டு எண்ணெய்ப் பணத்தை வைத்திருக்கும் அரசு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள், உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அதில் பங்கு எவ்வளவு என்பது எழுதின விதி. 1998-இல் 40 சதவீதம். 2007-இல் 60 ஆக்குவதாக முடிவு செய்தார்கள். 2017-இல் 70. இருபது வருடத்தில் இரண்டே மாற்றம், இரண்டுமே நாடாளுமன்றம் வரை போய்ப் பேசி எடுத்த முடிவு. அந்த 60-க்குப் போய்க்கொண்டிருந்த நடுவில்தான் 2008 வந்தது, அந்த ஒரு வருடத்தில் மட்டும் நிதி 23.3 சதவீதம் நஷ்டம் காட்டியது. நிறுத்தவில்லை, விழுந்த சந்தையில் வாங்கிக்கொண்டே போனார்கள். அடுத்த வருடம் 25 சதவீதத்துக்கு மேல் வந்தது. அவர்களுக்கு நம்மைவிட அதிகமாக எதிர்காலம் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கவில்லை. மாற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள், அந்த முறைக்குள் பயத்துக்கு நுழைய வழி இல்லாமல் இருந்தது.

மாற்றத்தையே முன்கூட்டி எழுதிவிடுவது இன்னும் நல்லது. என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தானியங்கித் தேர்வு என்று ஒன்று உண்டு. அதில் நடுத்தரமான திட்டத்தில் 35 வயது வரை பங்கு 50 சதவீதம், அப்புறம் வருடத்துக்கு 2 வீதம் குறைந்து 55 வயதில் 10 ஆகிவிடும். அது உங்களுக்கு ரொம்பக் குறைவாகப் படலாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் "45 வயதில் இவ்வளவு, 50 வயதில் இவ்வளவு" என்று இன்றே எழுதிவைக்கிற அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். பழைய தாளைக் கிழிக்க வேண்டாம். மாற்றின வரியை அடித்து, பக்கத்தில் வேறு நிற மையில் புதியதும் தேதியும் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் நாலு இடத்தில் சிவப்பு மை இருக்கிறது, ஒவ்வொன்றும் எதற்கு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

கேள்வி: என் கணவர் ஆறு மாதம் முன்பு இறந்துவிட்டார். நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தார், எது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு பண்டில் நாமினியாக அவருடைய அம்மா பெயர் இருக்கிறது. மாமியார் 2016-லேயே தவறிவிட்டார். அவருடைய போனும் பாஸ்வேர்டும் என்னிடம் இருப்பதால் அதை வைத்தே எடுத்துக்கொள்ளலாம் என்கிறான் என் தம்பி. எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. அந்த நோட்டை எழுதியவரை நினைத்துக்கொண்டேன்.

போனை வைத்து எடுக்க வேண்டாம். இறந்தவரின் பெயரில் உள்ள கணக்கிலிருந்து அவர் பாஸ்வேர்டில் பணம் எடுப்பது சட்டப்படி தவறு, பின்னால் மற்ற வாரிசுகள் யாராவது கேட்டால் நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது உதவாது. நாமினி முன்பே இறந்துவிட்டால் அந்தப் பண்டுக்கு நாமினியே இல்லாத மாதிரிதான். நீங்கள் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், இ-சேவை மையத்திலும் கொடுக்கலாம். அது வந்ததும், இறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் கே.ஒய்.சி., உங்கள் பெயர் அச்சான ரத்து செய்த காசோலை, பிள்ளைகளிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம், உறுதிமொழிப் பத்திரம், இவற்றோடு பெயர் மாற்றப் படிவத்தைப் பண்டு நிறுவனத்திலோ, அவர்களுக்காகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ரிஜிஸ்ட்ரார் நிறுவனத்தின் அலுவலகத்திலோ கொடுக்க வேண்டும். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் நீதிமன்றத்திலிருந்து வாரிசுரிமைச் சான்று (சக்சஷன் சர்டிபிகேட், தாலுகா சான்றிதழ் இல்லை) கேட்பார்கள், அதை முதல் தடவை போகும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு அலைச்சல் மிச்சமாகும்.

மற்ற வாசகர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஏப்ரலில் கணக்குப் பார்க்கும் அன்றே ஒவ்வொரு கணக்கிலும் நாமினி யார், அவர் இருக்கிறாரா, விலாசம் சரியா என்று ஒரு முறை பாருங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான், சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. யாருக்கு என்பதை உயில் சொல்லும், உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டம் சொல்லும்.

தஞ்சாவூர் அம்மாவுக்கு: வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் மாற்றப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்புகிறேன்.